ஆடி வெயிலில் பனிமய மாதா

ஆகஸ்ட் 5 தமிழ்க் கணக்கில் ஆடி 20ஐ ஒட்டி வரும். தூத்துக்குடியில் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை. மேல்காற்று தெருமண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களில் பாத்தி பாத்தியாக உப்பு வெளுத்துக் கிடக்கும், கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. அந்த வெக்கையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சனம் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போவது பனியைப் பெயரில் வைத்திருக்கும் ஒரு தாயை. பனிமய மாதா. ஊருக்கு இத்தனை பொருந்தாத பெயர் வேறு உண்டா என்று முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தோடு நின்றால் இத்தனை பொருந்திய பெயரும் இல்லை என்று தோன்றும். அந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில் ஒரு தனிச்சுவை இருக்கிறது.

பெயர் ரோமாபுரியிலிருந்து வந்தது. நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் பாப்பரசராக இருந்த காலத்தில், பிள்ளையில்லாத ஒரு பணக்காரத் தம்பதி தங்கள் சொத்தை மாதாவுக்குக் கொடுக்க நினைத்தார்களாம். கோயில் எங்கே கட்டுவது என்பதை மாதாவே காட்டட்டும் என்று வேண்டிக்கொண்டார்களாம். அங்கே அது நடுக்கோடை. ஆகஸ்ட் 5 விடிந்தபோது எஸ்குவிலின் குன்றின்மேல் பனி பெய்து கிடந்ததாம். 2025 ஏப்ரலில் பாப்பரசர் பிரான்சிஸை அடக்கம் செய்த மரியா பேராலயத்துக்குச் சொல்லப்படும் தலக்கதை இதுதான். இன்றைக்கும் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே விதானத்திலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைச் சொரிகிறார்கள். கதையில் கவனிக்க ஒன்று உண்டு. அங்கேயும் அது பருவம் தப்பிய பனிதான். பனிக்காலத்துப் பனிக்கு யார் கோயில் கட்டுவார்? வெயிலில் பெய்ததால்தான் அது அற்புதம். அப்படிப் பார்த்தால் இந்தப் பெயரைத் தாங்குகிற தகுதி தூத்துக்குடிக்கு ரோமைவிட ஒரு படி கூடவே இருக்கிறது.

ஆனால் நம் ஆட்கள் கேட்டது அந்தப் பனியை இல்லை. கூரையையும் மரத்தையும் வெள்ளையாக மூடிக்கிடக்கும் உறைபனியை இந்தக் கரையில் யார் கண்டார்கள்? நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது, தையில் தரையைத் துளைப்பது, மாசியில் மச்சைத் துளைப்பது. வெண்மையை விட்டுவிட்டுக் குளிர்ச்சியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டோம். இங்கேதான் அந்தப் பெயர் தமிழ் மண்ணில் வேர் பிடித்தது என்பேன்.

ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவது, மஞ்சள் நீர் தெளிப்பது, வேப்பிலை கட்டுவது எல்லாம் எதற்காக? சூடு தணியத்தான். அம்மை போட்டிருக்கும் வீட்டில் ஆத்தா குளிர்ந்து இறங்கட்டும் என்றுதான் வேண்டுவார்கள். நம் சனத்துக்குத் தாய் என்றால் அவள் குளிர வேண்டும், நம்மையும் குளிர்விக்க வேண்டும். வயிறு குளிர, மனம் குளிர, கண் குளிர என்று வாழ்த்துகளில் எல்லாம் அந்த நினைப்புத்தான். அதே ஆடியில், பனியைப் பெயரில் சுமந்துகொண்டு ஒரு தாய் தெருவில் எழுந்தருளினால் அந்தப் பெயர் யாருக்கு அந்நியமாகப் படும்? நாள் பொருந்தியது தற்செயல். ரோமில் ஆடி மாதத்தை நினைத்து யாரும் திருநாள் குறிக்கவில்லை. ஆனாலும் பக்கத்துத் தெரு முத்தாரம்மன் பக்தர் மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு கூச்சமில்லாமல் உள்ளே போவதற்கு இந்தத் தற்செயலும் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த மாதாவுக்கு இன்னொரு பெயர் உண்டு. எனக்கு அதன்மேல் பிரியம் கூடுதல். தஸ்நேவிஸ் மாதா. போர்த்துக்கீசியர்கள் இவரைப் பனிகளின் அன்னை என்று தங்கள் பாஷையில் சொன்னபோது, ‘பனிகளின்’ என்ற துண்டு மட்டும் பரதவர் நாவில் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேற்றுமை உருபோடு சேர்த்துப் பிடுங்கி எடுத்த சொல். இலக்கண வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஊர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. பர்னாந்து, மச்சாடோ, கோமஸ், வாஸ் என்ற குடும்பப் பெயர்களுக்கு முன்னால் தஸ்நேவிஸ் என்று நிற்கும்போது, அது லிஸ்பன் பெயராகவும் ஒலிப்பதில்லை, ரோம் பெயராகவும் ஒலிப்பதில்லை. தூத்துக்குடிப் பெயராக ஒலிக்கிறது. அச்சடித்த திருவிழா அழைப்பிதழில் ‘பனிமய’ என்று வந்தாலும், வாயில் ‘தஸ்நேவிஸ்’ என்று வந்துவிடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்று படித்தவர் செய்த மொழிபெயர்ப்பு. மற்றது கடற்கரை செய்துகொண்ட உறவு.

சொரூபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிலாவில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது என்பது ஊர் மரபு. மணிமுடி, கையில் குழந்தை, திருநாளுக்குப் பூட்டும் நகைகள். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். சொரூபம் என்றாலே அவர்களுக்கு ஆகாது. அந்த நாட்களில் மாதாவை ஊர் ஊராகக் கொண்டுபோய் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள் என்று சொல்வார்கள். பிறகு மாதா திரும்பி வந்தார். இன்று நிற்கும் கோயில் 1713இல் எழுந்தது. வேம்பாரில் தொடங்கி மணப்பாடு வரையுள்ள ஏழு துறைகளுக்கும் ஒரே அடைக்கலத் தாய் என்று இவருக்கு ஒரு பட்டம் வழங்குகிறது. தானே அடைக்கலம் தேடி அலைந்த தாய்க்கு அடைக்கலத் தாய் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் மனசை விட்டுப் போவதில்லை. ஓடி ஒளிந்து திரும்பியவளுக்குத்தான் புயலில் சிக்கியவனின் பாடு தெரியும் என்று கடலுக்குப் போகிறவர்கள் நினைத்திருக்கலாம்.

தங்கத்தேர் இன்னொரு அழகு. வருடந்தோறும் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 மாலை சப்பரப் பவனி. ஆனால் தங்கத்தேர் வருடந்தோறும் வராது. முதன்முதலில் ஓடியது 1806 பிப்ரவரி 2. 2023இல் ஓடியது பதினாறாவது முறை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பதினாறே முறை! கோயில் பேராலயமாக உயர்த்தப்பட்ட 1982, இப்போதைய கோயிலுக்கு முந்நூறு நிறைந்த 2013 என்று ஏதாவது பெரிய காரணம் வேண்டும் அது அசைய. அடிக்கடி பார்க்கக் கிடைக்காததால் அதன்மேல் ஒரு ஏக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த ஊரில் ஒருவர் தன் வயதைச் சொல்ல எண்ணே வேண்டாம், எத்தனை தங்கத்தேர் பார்த்தேன் என்று சொன்னால் போதும். 1806இல் அந்தத் தேரைச் செய்து தந்த பரதவர் தலைவருக்கு நீளமான போர்த்துக்கீசியப் பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதை ஒதுக்கிவிட்டுத் தேர்மாறன் என்று வைத்துக்கொண்டது. தேர் செய்தவனுக்குத் தேர், மன்னனுக்கு மாறன். பாண்டியன் பழம்பெயர்களில் ஒன்றை எடுத்துப் பொருத்திய அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

தூத்துக்குடியை விட்டு வெளியே வந்தாலும் இந்த விளையாட்டு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரல்லாத பெரும்பாலோருக்கு எந்தக் கத்தோலிக்கக் கோயிலும் மாதா கோயில்தான். உள்ளே பீடத்தில் அந்தோணியார் நிற்கட்டும், சவேரியார் நிற்கட்டும், பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது மாதா கோயில் ஸ்டாப் ஒன்று கொடுங்கள் என்றுதான் வரும். பங்குத்தந்தைகள் திருத்திப் பார்த்து அலுத்திருப்பார்கள். எனக்கு இதில் பிழை தெரியவில்லை. ஊர் எதைப் பார்த்ததோ அதன் பெயரைச் சொல்கிறது. அது பார்த்தது ஒரு தாயை.

இந்தப் பார்வையை நன்றாகப் புரிந்துகொண்டவர் வீரமாமுனிவர். கோணான்குப்பத்தில் அவர் மாதாவுக்கு இட்ட பெயர் பெரியநாயகி. கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், அதே வட்டாரத்தில் விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் இருக்கிறது, அங்கே அம்பாளுக்கும் பெரியநாயகி என்ற பெயர் வழங்குகிறது. அந்தப் பக்கத்துச் சந்தையில் பெரியநாயகிக்கு நேர்ந்துகொண்டேன் என்று ஒரு கிழவி சொன்னால் எந்தப் பெரியநாயகி என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மாதாவைச் சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாக வரைந்து, படத்தை அனுப்பி, மணிலாவில் சொரூபம் செய்ய வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. (நம் கரைக்கு அந்தக் காலத்தில் நல்ல சொரூபம் என்றாலே மணிலாதான் போலிருக்கிறது.) இதை மதம் பரப்பும் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆள் சேர்க்க மட்டும் நினைக்கிறவருக்கு ஒரு நல்ல பெயர் போதும். 3,615 பாடல்களில் தேம்பாவணி எழுதி, எருசலேமையும் நசரேத்தையும் தமிழ் நிலமாக மாற்றிக் காட்ட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அந்தப் பெயரிலேயே ஒரு கலம்பகமும் பாடினார். திருவும் காவலும் ஊரும் சேர்ந்து நிற்கிற அந்தச் சொல்லைக் கேட்டால் தேவாரத் தலம் ஒன்றின் பெயர் என்றே தோன்றும். இத்தாலியில் பிறந்தவர் வைத்த பெயர் என்று யார் நம்புவார்?

வேளாங்கண்ணிக்கு வந்தால் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஆரோக்கிய மாதா என்ற பெயருக்கு விளக்கவுரை வேண்டாம். நோய் வந்தவர் கேட்டதும் புரிந்துகொள்ளும் பெயர். பால் கொண்டுபோன சிறுவன், மோர் விற்ற கால் ஊனமான பையன், புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் என்று அந்தத் தலத்தின் மூன்று கதைகளிலும் வருகிறவர்கள் அன்றாடம் காய்ச்சிகளும் வழிப்போக்கர்களும்தான். மாலுமிகள் நன்றிக்கடனாகக் கொடுத்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பதித்திருக்கிறார்கள். கப்பலில் சோறு தின்னவும் விற்கவும் கொண்டுபோகிற சாமான்தான் பீங்கான். கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். விவிலியக் காட்சிகள் தீட்டிய அந்தத் தட்டுகளுக்கு மேலே, பட்டுச் சேலையில் மாதா. பார்க்கிறவர் கண் முதலில் சேலைக்குப் போகும், சேலையிலிருந்து முகத்துக்குப் போகும், தட்டுகளைக் கவனிப்பவர் குறைவு. அடுத்தமுறை போனால் அதையும் பாருங்கள்.

இப்படிச் சொந்தமாக எல்லாம் இருக்கும் தலத்துக்குக் கீழைநாட்டு லூர்து என்று ஒரு பட்டம் எதற்கு? லூர்து நகரில் சிறுமி பெர்னதெத்துக்கு மாதா காட்சி கொடுத்தது 1858இல். வேளாங்கண்ணிக் கதைகள் போர்த்துக்கீசியர் காலத்தவை. அக்காளைத் தங்கச்சி பெயர் சொல்லி அழைக்கிற மாதிரி இருக்கிறது. 1962இல் வேளாங்கண்ணி பசிலிக்கா ஆனது, சந்தோஷம். ஆனால் மொட்டை போட்டுக்கொண்டு, காவி உடுத்திக் கால்நடையாக வருகிற பக்தர் ‘மரியே வாழ்க’ என்று சொல்லிக்கொண்டு வருவது பசிலிக்காவுக்கும் இல்லை, லூர்துக்கும் இல்லை. அவர் வேளாங்கண்ணிக்கு வருகிறார். அந்த ஊர்ப்பெயரே இன்று பெண் பிள்ளைகளுக்குப் பெயராகிவிட்டது. இதற்கு மேல் என்ன பட்டம் வேண்டும்?

மயிலாப்பூரில் இதற்கு நேர்மாறு. கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டியதாம், அது மறைந்த இடத்தில் கட்டிய கோயில் பிரகாச மாதா கோயில். அங்குள்ள கல்வெட்டு 1516 என்று ஆண்டு சொல்கிறது. ஒளிக்குப் போர்த்துக்கீசியச் சொல் லஸ். லஸ் கார்னரில் இறங்கிப் புடவையும் பூவும் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஒளியை நினைக்கிறார்கள்? பெயர் கோயிலை விட்டு நடந்து போய் ஒரு வட்டாரத்தையே எடுத்துக்கொண்டது. கோயிலுக்கு மிஞ்சியது காட்டுக்கோயில் என்ற பழைய பெயர். காடும் இப்போது இல்லை.

கன்னியாகுமரி அலங்கார உபகார மாதாவைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் போக மனமில்லை. அடிமைப்பட்டவர்களைப் பணயம் கொடுத்து மீட்ட காலத்து ஐரோப்பியப் பெயரின் தமிழ் வடிவம் அது. மீட்பின் வரலாறு மறந்துபோனது. ‘கார’மும் ‘கார’மும் இழைகிற ஓசை நிலைத்துவிட்டது. உவரியில் கப்பல் வடிவத்தில் கோயில் கட்டி, அதன்மேல் ஆகாய விமானத்தையும் வைத்திருக்கிறார்கள். அதனால் கப்பல் மாதா. சிற்ப சாஸ்திரம் படித்தவர் முகம் சுளிக்கலாம். கடலை நம்பிப் பிழைக்கிறவர் கட்டிய கோயில் பின்னே எப்படி இருக்கும்? பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826இல் எழுந்த திரித்துவ ஆலயத்துக்கு ஊர் வைத்த பெயர் ஊசிக் கோபுரம். மூவொரு கடவுள் என்ற பெரிய இறையியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வானத்தைக் குத்தி நிற்கும் அந்த முனையை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது. அதே பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராத்திப் பிராமண விதவை 1785இல் எடுப்பித்த சிறு கோயில் பாப்பாத்தியம்மாள் கோயில். திருமுழுக்கில் கிளாரிந்தா ஆனவளை ஊர் பாப்பாத்தியம்மாளாகவே வைத்துக்கொண்டது. மரியாதையும் இருக்கிறது, சாதி மறக்காத குணமும் இருக்கிறது.

சாதி என்றதும் வடக்கன்குளத்தைத் தாண்டிப் போக முடியாது. 1870களில் அங்கே எழுந்த திருக்குடும்பக் கோயிலில், பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போகும் நீண்ட கூடங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. பூசை வைக்கிற சாமியாருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். கால்சட்டைக் கோயில் என்று பார்த்தவர்கள் கேலி பேசினார்கள். பெயர்ப்பலகையில் இருந்தது திருக்குடும்பம். கட்டடம் சொன்னது குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை. எந்தப் பெயர் வெளியே பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1910இல் கௌசானல் சாமியார் பிரிவுச் சுவரை இடித்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, சுவர் திரும்ப வரவில்லை. 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊரும் இதே வடக்கன்குளம்தான். 2022இல் அவரைப் புனிதராக அறிவித்த பிறகு ஊர்ப்பெயர் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. நல்லது. ஆனால் அந்தக் கட்டடத்தின் அழகைச் சொல்கிறவர் அந்தச் சுவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது ஊர் ஊராகக் கோயில்களைப் புதுப்பிக்கிறார்கள். சிமெண்ட் வளைவு, பளபளக்கும் எழுத்து, ‘திருத்தலப் பேராலயம்’ என்று நீளும் பட்டம். பங்குப் பேரவைக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பலகை எழுதுகிறவரிடம் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் ஊர்க் கிழவிகளைக் கூப்பிட்டு, இந்தக் கோயிலை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். தஸ்நேவிஸ் என்றால் தஸ்நேவிஸ், காட்டுக்கோயில் என்றால் காட்டுக்கோயில், ஊசிக் கோபுரம் என்றால் ஊசிக் கோபுரம். அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். வளைவில் இடம் போதாவிட்டால் உபயதாரர் பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.